கல்லெறிபவன் வேறு, கேள்வி கேட்பவன் வேறு

கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் தமது சபையின் ஆண்டுவிழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தனர். ‘பொதுவாழ்வில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிராக எழுந்து நிற்கும் தடைகளைத் திருச்சபைகள் எவ்வாறு எதிர்கொள்ளலாம்?’ என்பது அவர்கள் தந்த தலைப்பு. நான் வேதக்காரன் அல்லன். மிஷன் பாடசாலையில் படித்து, சைவனாகவே வாழ்ந்து வருபவன். வெளியில் நின்று பார்க்கும் ஒருவனின் கருத்தும் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதால் எழுதிக் கொடுத்தேன். மலர் வெளிவந்தது, கட்டுரை வெளிவரவில்லை. ‘இடமின்மை’ காரணம் என்றார்கள். இடமின்மை என்பது ஆசிரியபீடங்களின் பழைய மரியாதைச் சொல். அதன் பொருள், ஆயுளின் பெரும்பகுதியைப் பத்திரிகைப் பக்கங்களுக்கிடையே கழித்தவனுக்குத் தெரியாததன்று. ஆகவே அக்கட்டுரையைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

தடைகள் என நண்பர்கள் எவற்றைக் கருதினர் என்பதை முதலில் பார்ப்போம். அவர்கள் அனுப்பிய குறிப்பில் ஆலயங்கள் மீதான தாக்குதல்கள், மதமாற்றத் தடைச் சட்டமூலம், புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கோரும் சுற்றுநிருபம், பத்திரிகைகளின் ‘விஷமப் பிரசாரம்’, இளைஞரின் அவநம்பிக்கை, மேலைநாட்டுக் குருமார் மீதெழுந்த பாலியல் குற்றச்சாட்டுகள், ‘பணத்தைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள்’ என்ற பேச்சு ஆகிய யாவும் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இட்டிருந்த தலைப்பு ஒன்றே: ‘விசுவாசத்தின் எதிரிகள்’.

என்னுடைய வழக்கு இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. ஆலயத்தின்மீது கல்லெறிபவன் வேறு. ஆலயத்தை நோக்கிக் கேள்வி கேட்பவன் வேறு. முன்னவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவை பொலிசும் நீதிமன்றமும். பின்னவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது திருச்சபை. இருவரையும் ஒரே கூட்டில் அடைத்து, ‘நாம் துன்புறுத்தப்படுகின்றோம்’ என்று முறையிட்டுவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பிக்கொள்ளலாம். நமது திருச்சபைகள் நெடுங்காலமாக இதனையே செய்து வருகின்றன. செய்திப் பிரிவுக்கு வந்து சேரும் திருச்சபை அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் வாசித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கின்றேன். தாக்கப்பட்டபோது வந்த அறிக்கைகள் ஏராளம். கேட்கப்பட்டபோது வந்த அறிக்கைகள் மிகச் சில.

கல்லெறிபவனைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. 2003 டிசெம்பரில் கங்கொடவில சோம தேரர் ரஷ்யாவில் காலமானார். மாரடைப்பே காரணம் என்று வைத்திய அறிக்கை கூறியபோதும், அது கிறிஸ்தவச் சதி என்ற வதந்தி பரப்பப்பட்டுத் தென்னிலங்கையில் பல ஆலயங்கள் தாக்கப்பட்டன. 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் (இந்தியத் தமிழில் உச்ச நீதிமன்றம்) அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறியதால் அது சட்டமாகவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் அதே நீதிமன்றம், திருச்சிலுவைக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது, மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியலமைப்பு தருகிறதேயன்றி அதைப் பரப்பும் உரிமையைத் தரவில்லை என்று தீர்மானித்திருந்தது. கன்னியர்கள் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவுக்குச் சென்றார்கள். 2005இல் அக்குழு அவர்கள் பக்கம் நின்றது. 2008இல் புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற சுற்றுநிருபம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பொலிசாரும் கிராமத்துப் பிக்குமாரும் சிறிய சபைகளைப் படுத்திய பாட்டை யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் வழக்காடியும் முறையிட்டும் எதிர்ப்பது திருச்சபையின் உரிமை. அதில் ஒரு சைவனுக்கும் பங்குண்டு. இன்று அவர்களுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும்.

நிற்க. ஜெனீவாவில் கிடைத்த அந்த வெற்றி, ஒரு கிராமத்து மனிதனின் உள்ளத்தில் இருந்த சந்தேகத்தை அங்குலமேனும் அசைத்ததா? அசைக்கவில்லை. ஏனெனில் அச்சந்தேகம் 2003இல் பிறந்ததன்று. அதற்கு வயது நானூறு.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயர் வசமானது. பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கோவிலை இடித்தான். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். திருமணம் பதிவதற்கும் அரச உத்தியோகம் பெறுவதற்கும் தமது சபையின் ஞானஸ்நானம் வேண்டும் என்றனர். பிள்ளைகளைக் கோவிற் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதித்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குடாநாட்டின் பெரும்பகுதி ஏட்டளவில் கிறிஸ்தவமாயிற்று. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்ற கதை எங்கள் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் என்ன நடந்தது? ஏட்டிலிருந்த கிறிஸ்தவர்கள் ஏட்டிலேயே தங்கிவிட்டனர். 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கண்டது கூரையிழந்து நின்ற பழைய தேவாலயங்களை. நூற்று முப்பத்தெட்டு ஆண்டு ஒல்லாந்த ஆட்சியின் சமயப் பணியில் எஞ்சி நின்றவை பெரும்பாலும் அந்தச் சுவர்களே.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் என்ற குருவானவர் பிச்சைக்காரனின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரிடம் படையில்லை, பதவியில்லை, பணமில்லை. அவரைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். இரவில் வீடு வீடாகச் சென்றார். பின்னர் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது ஒற்றன் என்று சிறையில் இட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, உற்றவர்களே நோயாளரைக் காட்டில் விட்டு ஓடிய வேளையில், அவர் அவர்களை எடுத்துப் பராமரித்தார். எந்த மதத்தவர் என்று கேட்டுப் பராமரிக்கவில்லை. பௌத்த மன்னன் அவரைத் தன் நாட்டில் சுதந்திரமாக நடமாட விட்டான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது மேடையில் எல்லா மதத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் வரிசையாக அமர்ந்திருந்தனர். அன்று வாஸ் அடிகளாரின் பெயரால் ஆற்றப்பட்ட உரைகளை எண்ணிப் பார்க்கின்றேன். அவர் செய்ததை இன்று யார் செய்கின்றார்கள் என்ற கேள்வியைத் தவிர மற்றெல்லாம் பேசப்பட்டது.

அரசின் துணையோடு நின்ற சபை ஆட்சியோடு போயிற்று. மரண தண்டனையின் கீழ் நின்ற சபை இன்றும் இருக்கின்றது. தடைகளை எவ்வாறு எதிர்கொள்வது என்று கருத்தரங்கு வைப்பவர்கள் வேறு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமது சொந்த வரலாற்றில் இவ்விரண்டு அத்தியாயங்களையும் அருகருகே வைத்து வாசித்தால் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கட்டாயத்தின் இடத்தைச் சலுகை பிடித்துக்கொண்டது. ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கும் பணிக்கு உதவியவர். மிஷனின் உள்ளும் புறமும் கண்டவர். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கம் தொடங்கி, மறு ஆண்டு பள்ளிக்கூடம் நிறுவி, பின் அச்சியந்திரமும் வைத்து மிஷனரிமாரின் ஆயுதங்களையே அவர்களுக்கெதிராகத் திருப்பினார். அவர் தொடுத்த குற்றச்சாட்டுகளில் முதன்மையானது, வேதத்தில் சேருகிறவர்கள் உத்தியோகத்துக்கும் சம்பளத்துக்குமாகச் சேருகின்றார்கள் என்பது. இது பொய்யா? மிஷனே நடத்திய வட்டுக்கோட்டை செமினரியின் புகழ்பெற்ற மாணவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் அவர்கள். இருவரும் கிறிஸ்தவராயிருந்து சைவத்துக்குத் திரும்பியவர்கள். 1855இல் செமினரி மூடப்பட்டபோது, ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டுகிறதேயன்றி விசுவாசத்துக்கு வழிகாட்டவில்லை என்பது மிஷன் தலைமை கண்ட குறைகளுள் ஒன்று. அதாவது, நாவலர் வெளியிலிருந்து சொன்னதை அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு உள்ளிருந்து சொல்லிற்று. (நாவலர் சாதி விடயத்தில் கொண்டிருந்த நிலைப்பாட்டை நான் ஏற்பவனல்லன். ஆனால் ஒருவர் ஓரிடத்தில் பிழைவிட்டார் என்பதற்காக அவர் கேட்ட சரியான கேள்வி பிழையாகிவிடாது.)

அதே மிஷனில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியரும் இருந்தார். மானிப்பாயில் தமிழ் மொழியிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பெரிய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தீவிர சைவர்களும் அவரைக் குறைசொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. கிறீனும் மதம் பரப்ப வந்தவர்தாம். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணம் அவரை நினைவில் வைத்திருப்பது எதற்காக என்பதைச் சபைகள் யோசிக்க வேண்டும்.

தென்னிலங்கைக் கதை சுருக்கமானது. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்த குணானந்த தேரரோடு பகிரங்க விவாதத்துக்கு இறங்கிய போதகர்கள் எதிர்ப்பாளரை வாயடைக்கப் போனார்கள். அந்த விவாதத்தின் ஆங்கில அச்சுப் பிரதியே கேணல் ஒல்கொட்டின் கவனத்தை இலங்கைப் பக்கம் திருப்பிற்று. பௌத்த மறுமலர்ச்சிக்கு மேடை போட்டுக் கொடுத்தவர்கள் கிறிஸ்தவப் போதகர்களே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கிழக்கிலும் தெற்கிலும் முதலில் சோறு சமைத்த இடங்களில் ஆலயங்களும் விகாரைகளும் கோவில்களும் பள்ளிவாசல்களும் வேறுபாடின்றி இருந்தன. இது உண்மை; எழுதப்பட வேண்டிய உண்மை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த சிறு சபைக் குழுவொன்று நிவாரண முகாமில் பிரசங்கமும் செய்தது என்பதை அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின. இங்குள்ள பழைய சபைகளைச் சேர்ந்த போதகர்களே அதைக் கண்டு கவலை தெரிவித்தனர். அக்குழுவினர் ஏறிய விமானத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பழியைச் சுமந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழும் கிறிஸ்தவர்கள்.

போருக்குப் பின் வன்னியில் இதே கதை மெல்லிய குரலில் நடந்தது. இலண்டனிலும் டொரொன்டோவிலும் சேர்க்கப்படும் காணிக்கை கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து, தகரக் கூரைச் சபைகளாகவும் மாதாந்த உதவியாகவும் மாறுகின்றது. ‘அல்லேலூயாக்காரர் வந்து குடும்பத்தைப் பிரித்துவிட்டார்கள்’ என்ற முறைப்பாடு கேட்காத ஊரில்லை. இதில் நம்மவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணவனைப் போரில் இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கோவில் நிர்வாகசபை போகவில்லை, சபை போனது. தேர்த்திருவிழாவுக்குக் கோடிக்கணக்கில் செலவிடுவோர், அவள் ஏன் போனாள் என்று கேட்கும் அருகதையை இழந்துவிட்டார்கள். எனினும் அவள் போன காரணம் சபையைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. பசித்தவளுக்கு உதவிப் பொதியையும் ஞாயிறு ஆராதனை அழைப்பையும் ஒரே கையால் கொடுத்தால், அவள் விரும்பித்தான் வந்தாள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அவளாலும் முடியாது. அவளுடைய விசுவாசம் உண்மையானதாக இருந்தாலும், அதன்மேல் சோற்றின் நிழல் விழுந்துவிடுகிறது. அந்த அநீதியை அவளுக்கு இழைத்தவர் மதமாற்றத்தை எதிர்ப்பவர் அல்லர்.

இதற்கு மருந்து அபூர்வமானதன்று. உதவி வழங்கும் கை வேறாகவும் ஜெபிக்க அழைக்கும் வாய் வேறாகவும் இருக்கட்டும். உதவி வழங்கும் குழுவில் பிற மதத்தவரையும் சேருங்கள். வெளிநாட்டிலிருந்து எவ்வளவு வந்தது, எங்கே போனது என்ற கணக்கை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு ஆலயத்தின் வெளிச்சுவரில் ஒட்டுங்கள், உட்சுவரில் அன்று. போதகரின் வாகனம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் அதில் இருக்கட்டும். நான் இதை மலருக்கு எழுதிய கட்டுரையிலும் எழுதியிருந்தேன். இடமின்மைக்குக் காரணம் இந்த வாகனம்தானோ என்ற ஐயம் எனக்குண்டு.

சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் உரிமை பேசுகிறவர், பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் எப்படி நடக்கிறார் என்பதையும் அயலவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மன்னார், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீஸ்வரத்துக்குச் செல்லும் பாதையில் நின்ற வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். பாடல் பெற்ற தலம் அது; போர்த்துக்கேயர் காலத்தில் அழிக்கப்பட்ட கோவில் அது. அனுமதி பற்றியும் காணி பற்றியும் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் ஒளிப்பதிவு உலகமெங்கும் பரவிய பின்னர் எந்த விளக்கம் யார் காதில் ஏறும்? வளைவைப் பிடுங்கிய கைகள் நானூறு ஆண்டுக்கு முந்திய கைகளாகவே சைவரின் கண்ணுக்குத் தெரிந்தன. அன்றே ஆயர் இல்லத்திலிருந்து குருமார் வந்து, அந்த வளைவைத் தம் கையால் தூக்கி நிறுத்தியிருந்தால், மதமாற்றம் பற்றி அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மன்னாரில் பேச்செடுத்திருக்க எவராலும் முடியாது. விளக்கங்களே முந்திக்கொண்டன.

சரியாக ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். சீயோனில் இறந்தவர்களுள் பலர் சிறுவர். அவ்வேளையில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, பழிவாங்க எழ வேண்டாம் என்று தம் மக்களைத் தடுத்து நின்றார். அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கெதிராக வன்முறை வெடித்தபோதும் அதையே திரும்பவும் சொன்னார். 1983 ஜூலையைக் கண்டவர்களுக்கு அந்தத் தடுப்பின் பெறுமதி தெரியும். கிறிஸ்தவத்தின் மீது எந்த மதிப்பும் இல்லாதிருந்த பலர் அந்த நாட்களில் வாய்மூடி நின்றதைக் கண்டேன். எந்தச் சுவிசேஷக் கூட்டமும் அதைச் செய்திருக்காது. பாதுகாப்புத் தவறுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுத் திருச்சபை விடாது நின்றது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்ததற்குப் பின்னால் அந்த விடாப்பிடியும் இருந்தது.

இத்தனை பாராட்டையும் எழுதிய பின்னர் தமிழனாக நான் கேட்கும் கேள்வியையும் எழுதியே ஆக வேண்டும். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது விமானப்படை குண்டு வீசிற்று. அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் முடிவில், சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் யோசப் அடிகளார் இன்றுவரை திரும்பவில்லை. இவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் குருமார். 2012இல் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையும் வடக்கின் குருமாருமாக 31 பேர் சர்வதேசப் பொறுப்புக்கூறலை வேண்டிக் கடிதம் எழுதினர். அதே வேளையில் கொழும்பில் கர்தினால், அத்தீர்மானம் தேவையற்ற தலையீடு என்றார். பத்தாண்டு கழிந்தது. 2022 மார்ச்சில் அதே பேரவையின் முன் கர்தினால் நின்று, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பக்கச்சார்பற்ற விசாரணை வேண்டும், அதற்குச் சர்வதேசம் துணை நிற்க வேண்டும் என்று கேட்டார்.

அவர் 2022இல் கேட்டது நியாயம். அதே நியாயம் 2012இல் எங்கே இருந்தது? ஒரே திருச்சபையில், ஒரே நற்கருணையை உட்கொள்ளும் இரண்டு இனங்களுள் ஒன்றின் பிணத்துக்கு ஜெனீவா தேவை, மற்றதன் பிணத்துக்கு உள்நாட்டு விசாரணை போதும் என்றால், அந்தத் திருச்சபை எல்லா மக்களுக்கும் உரியது என்பதை எதை வைத்து நம்புவது? 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றிய ஆயர் இராயப்பு யோசப், அரச கச்சேரிகளின் புள்ளிவிபரங்களையே எடுத்துக் கூட்டிக் கழித்து, 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவர் துரோகியாக்கப்பட்டார், விசாரிக்கப்பட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் மறைந்தபோது வடக்கில் சைவரும் துக்கம் காத்தனர். அவர் யாரையும் மதம் மாற்றவில்லை. ஒரு கணக்கைக் கேட்டார், அவ்வளவே. தமிழரிடையே கிறிஸ்தவத்துக்கு இருந்த தடைகளுள் எத்தனையை அந்த ஒரு கணக்கு தகர்த்தது என்பதைத் திருச்சபை இன்னும் கணித்துப் பார்க்கவில்லை.

சாதியைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஹன்டி பேரின்பநாயகம் 1920களிலேயே சமபந்தி போசனம் பேசிய கிறிஸ்தவர். தமிழகத்தில் பாமா ‘கருக்கு’ எழுதியது 1992இல். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் சாதிக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்குமிடையே மூண்ட மோதலில் பொலிஸ் துப்பாக்கி இருவரைப் பலிகொண்டது. இங்கோ இரத்தம் சிந்தாமல் அதே காரியம் நடக்கிறது: கூப்பிடு தூரத்தில் இரண்டு ஆலயங்கள், இரண்டு திருவிழாக்கள், சேமக்காலையில் இரண்டு பக்கங்கள். கடவுளின் முன் யாவரும் சமம் என்ற பிரசங்கத்தைக் கேட்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞன், திருமண விளம்பரத்தில் ‘உயர்குல றோமன் கத்தோலிக்க’ என்று வாசிக்கின்றான். அந்த விளம்பரங்களைப் பணம் வாங்கி அச்சிட்டவை நமது பத்திரிகைகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

குருமாரின் பாலியல் குற்றங்கள் பற்றி நண்பர்களின் குறிப்பில் ‘மேலைநாட்டு ஊடகங்களின் தாக்குதல்’ என்றிருந்தது. 2002இல் பொஸ்டன் குளோப் நாளேடு ஆவணங்களை வெளியிட்டிராவிட்டால் எத்தனை பிள்ளைகள் இன்னும் அதே கைகளில் இருந்திருக்கும்? அச்செய்தியாளர்கள் திருச்சபைக்குச் செய்தது தாக்குதலா, உதவியா? பிரான்சின் ஆயர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். 2018இல் தாமே ஒரு சுயாதீன ஆணைக்குழுவை அமைத்து, அதன் தலைமையை ஜோன்-மார்க் சொவே என்ற முன்னாள் நீதி அதிகாரியிடம் ஒப்படைத்தனர். 2021 ஒக்டோபரில் வந்த அறிக்கை, 1950க்குப் பின் குருமாராலும் துறவியராலும் துன்புறுத்தப்பட்ட சிறுவர்கள் 2,16,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. ஆயர்கள் அதை மறைக்கவில்லை. சொத்துகளை விற்று நட்டஈடு கொடுக்க முன்வந்தனர். இங்கிலாந்தில் கன்ரபரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி துறக்க நேர்ந்தது, சபையோடு தொடர்புடைய ஒரு கொடியவனைப் பற்றிய முறைப்பாட்டை உரியவாறு தொடரவில்லை என்பதற்காக. நம் நாட்டு விடுதிகளிலும் சிறுவர் இல்லங்களிலும் வளர்ந்த பிள்ளைகளின் வாயைத் திறக்கச் செய்ய, சபைக்கு வெளியே உள்ளவர்களைக் கொண்ட ஒரு விசாரணையை நமது ஆயர்களும் போதகர்களும் இன்றே கேட்டுப் பெறலாம். பத்திரிகை வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பதா என்பதே கேள்வி.

கடவுள் உண்டா இல்லையா, விஞ்ஞானமா வேதமா என்ற விவாதங்களுக்கு மண்டபம் எடுத்து, வெளிநாட்டிலிருந்து பேச்சாளரை வரவழைக்கும் சபைகளும் உண்டு. வரவழைக்கட்டும், கெடுதலில்லை. ஆனால் நான் அறிந்த எந்த யாழ்ப்பாணத்து இளைஞனும் டார்வினைப் படித்து ஆலயத்தை விட்டு விலகவில்லை. பங்குச் சபைத் தேர்தலைப் பார்த்து விலகியவர்கள் பலரை அறிவேன்.

இதனை வாசிக்கும் சைவ நண்பர்கள் சிலர் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வேறு சிலர், ‘எங்கள் கோவில்களின் கணக்கு எந்தச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது?’ என்று கேட்கவும் கூடும். பின்னவர்களின் கேள்வி நியாயமானது. நல்லூர் தொடக்கம் இலண்டன் வரை அதற்கு எழுத வேண்டியது நிறைய உண்டு. அடுத்த கட்டுரையை அதற்கே ஒதுக்கியிருக்கின்றேன். இங்கே இடமின்மை என்ற பேச்சுக்கு இடமில்லை.